காசிக்குப் பணம் சேர்ப்பது: மாதம் 1,500 ரூபாய் போதுமா?

கேள்வி, 14 மே 2025

அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் அடுத்த மாசியில் காசிக்குப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறோம். மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது. எங்கள் தெருவில் ஒருவர் டூர் சீட்டு நடத்துகிறார். அதில் சேரலாமா, இல்லை வீட்டிலேயே உண்டியலில் போட்டு வைக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 14 மே 2025, இரவு

இரண்டும் வேண்டாம் தங்கச்சி.

டூர் சீட்டில் நாங்கள் பட்டிருக்கிறோம். 2017-இல் எங்கள் ஊரில் ஒருவரிடம் மாதம் 300 ரூபாய் கட்டினோம். முதலில் நவதிருப்பதிக்கும் நவகைலாயத்துக்கும் வேன் வைத்து ஒழுங்காகக் கூட்டிப் போய் வந்தார். நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம்தான் காசி என்று ஆரம்பித்தார். அம்மாவுக்கு உள்ளங்கை அளவில் ஒரு நோட்டு கொடுத்திருந்தார். மாதாமாதம் அதில் பச்சை மையில் கையெழுத்து விழும். 20 கையெழுத்து விழுந்தது, 6,000 ரூபாய். அடுத்த வருஷம் தீபாவளி கழிந்து போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா அந்த நோட்டை இன்னும் எறியவில்லை.

பேர்தான் சீட்டு. சட்டப்படி அது சீட்டே கிடையாது. 1982-ஆம் வருஷத்துச் சிட் பண்டு சட்டப்படி சீட்டு நடத்த முன் அனுமதி வேண்டும், பதிவு செய்ய வேண்டும், நடத்துகிறவருக்குக் கமிஷன் இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கிறது (முன்பு 5 சதவீதம், 2019 திருத்தத்தில் 7 ஆனது). டூர் சீட்டில் எதுவும் கிடையாது. ஒருவர் வாங்குகிறார், நாம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

உண்டியலைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். விடிகாலை எழுந்திருக்க வேண்டும்.

15 மே 2025

வீட்டில் இருக்கிற பணத்திலேயே ரொம்பப் பலவீனமானது ஊருக்குப் போக எடுத்து வைத்த பணம். காதுகுத்து, சடங்கு, கேஸ் சிலிண்டர், மழையில் பிரிந்துபோன ஓடு, எது வந்தாலும் முதலில் கை போகிற இடம் அதுதான். "காசி எங்கே போய்விடப் போகிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கிடலாம்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். பள்ளிக்கூட பீஸை யாராவது அப்படிச் சொல்வார்களா? அதனால் பணம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், போகப் போகிறவர் பேரில் இருக்க வேண்டும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

2019 பிப்ரவரியில் அம்மா பேரிலேயே போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கிற கணக்கு) ஆரம்பித்தோம், மாதம் 500 ரூபாய். குறைந்தது 100 ரூபாயிலிருந்து போடலாம். 60 மாதத் தவணை. இப்போது வட்டி 6.7 சதவீதம். 500 ரூபாய் வீதம் 30,000 கட்டினால் முடிவில் 35,600-க்கு மேல் கைக்கு வரும். ஐந்து வருஷத்துக்கு நடுவில் தொட முடியாது. எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

15 மே 2025, மதியம்

தபால் ஆபீஸில் வேலை பார்த்த அண்ணாச்சி திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. மூன்று வருஷம் முடிந்தால் முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம், ஆனால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். 12 தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் கட்டியதில் பாதி வரை கடனும் எடுக்கலாம். தொட முடியாது என்று நான் எழுதியது தப்பு. கடன் எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, நாங்களே எடுத்திருக்கிறோம். அது வேறு கதை.

தங்கச்சிக்கு ஐந்து வருஷம் கிடையாது, பத்து மாதம்தான் இருக்கிறது. அதற்கு போஸ்ட் ஆபீஸ் சரிப்படாது. பாங்கில் ஒரு வருஷம், அதற்குக் குறைவாகவும் ஆர்.டி. உண்டு. உங்கள் கிளையில் போய், எத்தனை மாதத்துக்குப் போடலாம், நடுவில் முடித்தால் வட்டியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

19 மே 2025

கணக்கைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். மாதம் 1,500 வீதம் பத்து மாதத்துக்கு 15,000. மூன்று பேருக்கு அது காணாது. நான், அம்மா, சித்தி மூன்று பேரும் 2024 நவம்பர் கடைசியில் போய் வந்தோம். ராமேஸ்வரத்தையும் சேர்த்து 40,000 ரூபாயை ஒட்டி ஆனது. சத்திரம் மாதிரி எளிய இடத்தில் தங்கினோம், ஸ்லீப்பரில் போனோம், அதற்கே இவ்வளவு.

டிக்கெட் பெரிய செலவாகத் தெரியவில்லை. இங்கேயிருந்து பனாரஸ் வரைக்கும் ஸ்லீப்பரில் ஆளுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான். நாங்கள் எழுதாமல் விட்ட செலவு இரண்டு. ஒன்று, வேலைக்குப் போகாத நாள். அம்மாவும் சித்தியும் பீடி சுற்றுகிறவர்கள். சுற்றினால்தான் கூலி. பத்து நாள் போனால் பத்து நாள் கூலி இல்லை, திரும்பி வந்த வாரம் கடைக்காரருக்குக் கொடுக்கக் காசு இல்லை. மாதச் சம்பளக்காரர்கள் யாரும் இந்தச் செலவை எழுதுவதில்லை.

இரண்டாவது, வந்த பிறகு ஆகிற செலவு. காசிக்குப் போய் வந்தவர் வீட்டுக்குத் தெருவே வரும். வருகிறவர்களுக்குக் காசிக்கயிறு, மூடி அடைத்த சின்னக் கங்கைச் சொம்பு, ஒரு வாய்ச் சாப்பாடு. அம்மா 40 சொம்பு வாங்கினாள், அதிலும் நாலு பேருக்குக் காணவில்லை. அந்த ஒரு வாரத்தில் 7,000 ரூபாய்க்கு மேல் போனது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். போக முடியாதவர்களுக்குக் கங்கை வீட்டுக்கு வருகிற ஒரே வழி அதுதான். ஆனால் சேர்க்க ஆரம்பிக்கும்போதே அதையும் எழுதி வைக்க வேண்டும்.

2 ஜூன் 2025

நகையை அடகு வைத்துப் போய்விட்டு வந்து மெதுவாகத் திருப்பலாமே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. வந்த பிறகு ஒரு வருஷம் வட்டி கட்டிக்கொண்டிருந்தால் காசியை நினைக்கும்போதெல்லாம் வட்டிதான் ஞாபகம் வரும்.

8 ஜூன் 2025

உண்டியல் வேண்டாம் என்று எழுதியதைப் பற்றி ஒரு மறுயோசனை. எங்கள் வீட்டிலேயே ஒரு உண்டியல் ஜெயித்தது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்தான்.

பத்து ரூபாய் நாணயத்தை நம் பக்கத்துக் கடைகளில் வாங்க யோசிப்பார்கள், உங்களுக்கே தெரியும். பஸ்ஸிலும் "நோட்டு இருந்தா குடும்மா" என்பார்கள். நாணயம் செல்லும், அதுவரை வந்த 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லியாகிவிட்டது. கடைக்காரர் மனசு மாறவில்லை. கூலியோடு எப்போதாவது அந்த நாணயம் வந்துவிடும். அம்மா அதைச் சுளகில் இலைக்கு அடியில் போட்டு வைப்பாள், சாயந்திரம் சுளகைத் தட்டும்போது எடுத்துப் பாட்டிலில் போடுவாள். யாரும் வாங்காத காசு, அதனால் யாரும் எடுக்கவும் இல்லை. காதுகுத்து வந்தது, கேஸ் தீர்ந்தது, அந்தப் பாட்டில் அப்படியே இருந்தது.

2024-இல் தரையில் சாக்கை விரித்துக் கொட்டி எண்ணினோம். பத்துப் பத்தாக அடுக்கி, 41 அடுக்கும் கூட இரண்டும். 4,120 ரூபாய். எல்லா நாணயத்திலும் புகையிலை வாசம். பாங்கில் கொடுத்து அம்மா கணக்கில் போட்டோம். ஆக, உண்டியலும் உதவும், எடுத்துச் செலவழிக்கச் சிரமமான காசாக இருந்தால்.

21 ஜூன் 2025

"அரசாங்கமே இலவசமாகக் கூட்டிப் போகிறதே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். இந்து சமய அறநிலையத்துறை ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு ஆன்மிகப் பயணம் கூட்டிப் போகிறது. முதல் வருஷம் 200 பேர், அப்புறம் 300, அப்புறம் 420. வயது 60-இலிருந்து 70-க்குள், வருஷ வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அது வந்த வருஷம் அம்மாவுக்கு 72. விண்ணப்பம் வாங்கப் போய், வயதைப் பார்த்ததும் திரும்பி வந்தோம். தங்கச்சியின் அம்மாவுக்கும் அத்தைக்கும் 70-க்குள் என்றால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். பேர் வராமலும் போகலாம், அதனால் ஆர்.டி.யை நிறுத்த வேண்டாம்.

5 ஜூலை 2025

கடன் எடுத்த கதை என்னவென்று கேட்டவருக்கு.

2021 மே. அம்மாவுக்கு மூச்சுத்திணறல். ஊர் முழுக்கப் பயம். ஆர்.டி.யில் 27 தவணை கட்டியிருந்தோம், 13,500 ரூபாய். பாதி 6,750-ஐக் கடனாக எடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பிழைத்து வீட்டுக்கு வந்து மூன்றாவது நாள் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டாள்: "காசிப் பணத்தை எடுத்திட்டியாட்டி?" ஆமாம் என்றேன். "சரி, போ. உசிரு இருந்தாத்தான காசி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "திருப்பிக் கட்டிருவேல்லா?" என்று கேட்டாள். கட்டினேன்.

அதிலிருந்து கற்றதை இங்கே வைக்கிறேன். பயணத்துக்கு ஒரு கணக்கு ஆரம்பிக்கும்போதே ஆஸ்பத்திரிக்கென்று சின்னதாக இன்னொன்றும் ஆரம்பித்துவிடுங்கள், மாதம் 100 ரூபாயாவது. இல்லாவிட்டால் இதுதான் அதற்கும் போகும்.

6 ஜூலை 2025

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நேற்று எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை.

2022-இல் தம்பி தன் மகனைக் காலேஜில் சேர்க்க 10,000 கேட்டான். அம்மா கொடுக்கத் தயாராக இருந்தாள். நான்தான், "அது அம்மா பேரில் இருக்கிறது, எடுக்க முடியாது" என்று நின்றேன். இரண்டு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. போகப் போகிறவர் பேரில் பணத்தைப் போடுங்கள் என்று இங்கே பெரிதாக எழுதியிருக்கிறேனே, அது வேலை செய்தது இப்படித்தான்.

பணத்தை எடுக்காதது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எட்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறாள், அதுவரை திருச்செந்தூரைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஆனால் என் கம்மலை அடகு வைத்தாவது தம்பிக்குப் பாதி கொடுத்திருக்கலாம். முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தது தப்பு. ரயில் ஏற்றிவிட அவன்தான் ஸ்டேஷனுக்கு வந்தான். அம்மாவின் பையை என்னைத் தொட விடவில்லை.

17 ஆகஸ்ட் 2025

தங்கச்சி மூன்று மாதம் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். சந்தோஷம்.

தென்காசி அண்ணாச்சி ஒருவர், "இங்கே இருக்கிற காசி போதாதா, பராக்கிரம பாண்டியன் கட்டியதே காசிக்குப் போக முடியாதவர்களுக்காகத்தானே" என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் அம்மா பத்து வருஷம் சொன்ன பதில் அதுதான்: "எனக்கு எதுக்குட்டி காசி? ஆலங்குளத்துல பஸ் ஏறுனா தென்காசி." காசுக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்த பிறகு நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. தென்காசிக் கோவில் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை அண்ணாச்சி, அந்தக் கோபுர வாசல் காற்றுக்காகவே போவேன். ஆனால் நம் ஆட்கள் காலங்காலமாக வடக்கே இருக்கிற காசிக்கும் போயிருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் அங்கே போய் மடமே கட்டினார். எட்டயபுரத்துப் பாரதி பையனாக இருந்தபோது அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அங்கேதான். கங்கைக் கரையில் கேதார் கட்டத்துப் படித்துறைப் பக்கம் தமிழ்ச் சத்தம் கேட்டதும் அம்மா என் கையை விட்டுவிட்டு அவள்பாட்டுக்கு நடந்தாள். ஒரு கடையில் இட்லி வாங்கி, "சாம்பாருல வெல்லம் போட்டிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே நாலு சாப்பிட்டாள்.

7 செப்டம்பர் 2025

தேதியை இப்போதே முடிவு செய்யுங்கள் தங்கச்சி. "மாசியில்" என்றால் பணம் சேராது, தேதி சொன்னால் சேரும். மாசியில் சிவராத்திரி வருகிறது, பிப்ரவரி 15. அந்த வாரம் கூட்டத்தில் அம்மாவை நிறுத்த முடியாது, ரூம் வாடகையும் ஏறிவிடும். அது கழிந்து போங்கள். ஜனவரியும் வேண்டாம், பனிமூட்டத்தில் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும்.

கன்னியாகுமரியிலிருந்து பனாரஸ் போகிற காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் 2023 டிசம்பரில் விட்டது. நமக்குத் திருநெல்வேலியிலேயே ஏறலாம், சென்னையில் மாற வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை. பிப்ரவரி 26 வியாழன்தான் வருகிறது. திரும்புவதற்கும் அதே ரயிலைப் பிடித்தால் ஒரு நாள் இருக்க வேண்டும், இல்லை எட்டு நாள் இருக்க வேண்டும். நாங்கள் நாலு நாள் இருந்துவிட்டு வேறு ரயிலில் சென்னை வந்து, நெல்லை எக்ஸ்பிரஸில் ஊர் வந்தோம்.

டிக்கெட் 120 நாளைக்கு முன்னால் எடுக்க வேண்டும், அதனால் அக்டோபர் கடைசிக்குள் டிக்கெட் பணம் தயாராக இருக்கட்டும்.

8 செப்டம்பர் 2025

மேலே எழுதியது தப்பு. நாங்கள் எடுத்தபோது 120 நாள். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் ஆகிவிட்டது. பிப்ரவரி 26-க்கு முன்பதிவு டிசம்பர் 28 காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பணம் முழுக்கச் சேர வேண்டிய நாள் பிப்ரவரி 26. டிக்கெட் பணம் மட்டும் டிசம்பர் 28-க்கே கையில் இருக்க வேண்டும். பத்து மாத ஆர்.டி. மார்ச்சில்தான் முடியும் என்றால் டிக்கெட் அன்றைக்கு என்ன செய்வீர்கள்? 1,500-ஐ இரண்டாகப் பிரித்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது, மே மாதமே சொல்லியிருக்க வேண்டும்.

வயதானவர்களுக்குப் பாதி டிக்கெட் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்தச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றது. ஆனால் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இரண்டு பேரோ இருந்தால்தான் அது கிடைக்கும். மூன்று பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் போச்சு. அம்மா, அத்தை ஒரு டிக்கெட். நீங்கள் தனி டிக்கெட். எங்களுக்கு இது தெரியாமல் சித்திக்கு நடு பெர்த் விழுந்து, இரண்டு ராத்திரியும் நான் அவளை ஏற்றி இறக்கினேன்.

26 அக்டோபர் 2025

ராமேஸ்வரத்துக்கு முதலில் போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். முறைப்படி அங்கே மணல் எடுத்துப் போய்க் கங்கையில் கரைத்து, கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராமநாதருக்குச் சேர்க்க வேண்டும். ஆக இரண்டு தடவை போக வேண்டும். நாங்கள் போனபோது பாம்பன் பழைய பாலத்தில் ரயில் இல்லை. மண்டபத்தில் இறங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்துவிட்டதால் உங்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது. பணம் இடித்தால் ராமேஸ்வரத்தை ஆடி அமாவாசைக்குத் தள்ளி வையுங்கள், சொம்புத் தண்ணீர் காத்திருக்கும்.

30 நவம்பர் 2025

உங்கள் அத்தை கிடாய்க்குட்டியை விற்று 9,000 கொடுத்தார் என்று படித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த அத்தை பேருலயும் ஒரு சொம்பு வாங்கச் சொல்லு" என்றாள். அத்தைதான் கூடவே போகிறாரே என்றேன். "போறவளுக்குத்தான் யாரும் வாங்கித் தரமாட்டாவ" என்றாள்.

உங்கள் திருப்பூர் அண்ணன் டிக்கெட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கான 5,000-ஐ மட்டும் தனியாக வையுங்கள், காசியில் எடுக்காதீர்கள்.

21 டிசம்பர் 2025

காசியில் ஒரு காயும் பழமும் விட வேண்டும் என்பார்களே, அம்மா எதை விட்டாள் என்று ஒருவர் கேட்டார். பழத்தில் சீத்தா. காயில் பிடிக்காத எதையாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று சித்தி காதில் சொன்னாள். அம்மா முருங்கைக்காயை விட்டாள். எங்கள் வாசலில் நிற்கிற மரம். இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, தெருவுக்குக் கொடுக்கிறாள், தான் தொடுவதில்லை.

28 டிசம்பர் 2025, காலை

எட்டேகால் ஆகிவிட்டது. கிடைத்ததா? மூன்றும் உறுதியா?

28 டிசம்பர் 2025, மதியம்

கீழ் பெர்த் இரண்டும் கிடைத்துவிட்டது என்று படித்து எழுந்து நின்றுவிட்டேன்.

கம்பளி வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது, ஒரு தடவைதான் விரித்தது. துவைத்து வெயிலில் போட்டு வைக்கிறேன். சொம்புக்கு அட்டைப்பெட்டியும் இருக்கிறது. பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளம் பக்கம் வாருங்கள். அம்மா பாட்டிலில் மறுபடியும் பத்து ரூபாய் நாணயம் சேர்ந்திருக்கிறது, அதிலிருந்து படகுக்கு முப்பது எடுத்து வைத்திருக்கிறாள், மூன்று பேருக்கும்.